பன்னிரண்டு முனை

1

வந்திருந்தவர்கள்:

நான், இஸ்ரவேல்.

என் மனைவி பாக்கியம். சேலைமேல் மருமகனின் பழைய ஜாக்கெட்.

மகள் எஸ்தர். நர்ஸ். இரண்டு நாள் லீவு போட்டிருந்தாள்.

எஸ்தரின் மகள் ரூத். பதினான்கு வயது, பள்ளிக்கூடம் லீவு. காதில் இயர்போன் மாட்டியிருந்தாள்.

பக்கத்துத் தையல் மெஷின் மரியா. ஹோண்டுராஸ்காரி. அவளுக்கும் இங்கிலீஷ் பாதிதான், எனக்கும் பாதிதான். அந்தப் பாதியும் வேறு வேறு பாதி.

எங்கள் சூப்பர்வைசர் டெனீஸ்.

அப்புறம் பை நம்பர் 417. நான் தைத்தது. அது எங்களோடு இல்லை. தண்ணீரும் கோரையுமாகக் கிடந்த சதுப்புக்கு அப்பால், ராக்கெட்டின் தலையில் இருந்தது.

இது வர்ஜீனியா. கடலோர ஊர். மேலே ஒரு நிலையம் பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சாப்பாடு, துணி, சாமான் எல்லாம் இங்கிருந்து ராக்கெட் தூக்கிப்போகும் ஒரு கப்பலில் போகும். கப்பலில் ஆள் கிடையாது. சாமான் மட்டும். அந்தச் சாமானைக் கட்டி அனுப்பும் பைகளில் சிலவற்றை எங்கள் கம்பெனியில் தைக்கிறோம். கப்பல் போகும் நாளில் தைத்தவர்களைக் குடும்பத்தோடு கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள்.

"ஆளே இல்லியா? அப்ப யாரு ஓட்றது?" என்றாள் பாக்கியம்.

"அதுவே போவும்மா," என்றாள் எஸ்தர்.

"லாரியே டிரைவர் இல்லாம போவாது. ஆகாசத்துக்குப் போவுதாம்."

கப்பல் கிளம்பப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். எல்லாரும் 'ஆ' என்று சலித்துக்கொண்டார்கள். கடலில், வரக்கூடாத இடத்துக்கு ஒரு மீன்படகு வந்துவிட்டதாம். நாளை காலை பதினொன்றரைக்குத்தான் இனி.

எங்கள் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் பழவேற்காட்டுக்காரர்கள் கடலுக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிடுவார்கள். இங்கேயும் அப்படித்தான்போல. அந்தப் படகுக்காரன் யாரென்று தெரியாது. அவன் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அங்கே இருந்தவர்களில் கப்பல் போகாததற்குச் சந்தோஷப்பட்டவன் நான் ஒருவன்தான்.

பை 417க்குள் உடைந்த ஊசிமுனை ஒன்று இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

2

நான் எளாவூர்க்காரன். எட்டாவது வரை படித்தேன். அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி. நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஜம்போ பை தைக்கும் கம்பெனியில் இருபத்து நான்கு வருடம் இருந்தேன். ஒரு டன் மாவு, ஒரு டன் பவுடர் கொட்டுகிற பை. சூளூர்பேட்டை லோக்கலில் போய்வருவேன். எங்கள் லைனில் பன்னிரண்டு மெஷின்.

ராக்கெட் விட்டால் எங்கள் ஷெட்டின் தகடு அதிரும். வெளியே ஓடிவந்து வடகிழக்கே பார்ப்போம். புகை மட்டும் வளைந்து போகும். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு மெஷினுக்குத் திரும்புவோம். அதில் என்ன போகிறது என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

அந்தக் கம்பெனியில் ஒரு சட்டம். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கி, ஒரு தாளில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். பக்கத்தில் பை நம்பர், கையெழுத்து. துண்டுகள் சேர்ந்து முழு ஊசி ஆனால்தான் ஸ்டோரில் புது ஊசி. முனை கிடைக்கவில்லை என்றால் மெஷினை நிறுத்தி, காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க இழுக்க வேண்டும். அப்புறமும் கிடைக்காவிட்டால் பையைப் பிரிக்க வேண்டும். அரை ஷிப்ட் போகும். லைனே நிற்கும்.

அதற்கு நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். எப்போதாவது முனை இரண்டு மூன்றாக உடையும். அப்போது கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்வோம். பழைய ஊசியை நாமே உடைத்தும் வைப்போம். முனை காணாமல் போனவனுக்குப் பக்கத்து மெஷின்காரன் ஒன்று கொடுப்பான். அதை ஒட்டிவிடுவான். தாளில் ஊசி முழுசாக இருக்கும். ஸ்டோர்காரருக்கும் தெரியும். அவர் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் புது ஊசி கொடுப்பார்.

இது தப்பு என்று யாரும் பேசியதில்லை. சரி என்றும் பேசியதில்லை.

நான் அமெரிக்கா கிளம்பும்போது சுப்பிரமணி, ஏழாவது மெஷின், ஒரு சின்னத் தகர டப்பாவை என் கையில் வைத்தான். திறந்தால் ஊசிமுனைகள். லைனில் மெஷினுக்கு ஒன்று.

"மச்சான், அமெரிக்காகாரன் கண்டி ஊசி ஒடஞ்சா கணக்கு கேட்டான்னா இத்த ஒட்டு. நம்ம லைனு பேரு கெடக்கூடாது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாக்கியம் அன்று வீட்டில் எண்ணிப் பார்த்தாள்.

"பன்னெண்டு. பன்னெண்டு அப்போஸ்தலர் மாதிரி கீது," என்றாள். பிறகு பெட்டியில் என் சட்டைகளுக்கு நடுவே வைத்தாள்.

3

எஸ்தர் இங்கே வந்து பல வருடம் ஆகிறது. எங்கள் இரண்டு பேரையும் அவள்தான் கூப்பிட்டுக்கொண்டாள். அதற்குப் படிவம், போட்டோ, மருத்துவப் பரிசோதனை. விரல் ரேகை எடுத்தபோது என் ரேகை மெஷினில் விழவில்லை. இருபத்து நான்கு வருடம் முரட்டுத் துணி தள்ளிய விரல். ரேகை எடுக்கும் அம்மாள் துடைத்துத் துடைத்து அழுத்தினாள். இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். மூன்று தடவை போனேன்.

வந்தபின் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் தையல் கம்பெனி இருந்தது. டெனீஸ் ஒரு துண்டுத் துணி கொடுத்துத் தைக்கச் சொன்னாள். தைத்தேன். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். எங்கே கற்றாய் என்று கேட்டாள். கும்மிடிப்பூண்டி என்றேன். அவள் வாயில் அது நுழையவில்லை. நாலு தடவை முயற்சி செய்தாள். வேலை கொடுத்தாள்.

வெள்ளைத் துணி, லேசில் தீப்பிடிக்காது. ஜிப், கைப்பிடி, ஒட்டும் பட்டை. அரை நூல் விலகினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைக்க வேண்டும். இவ்வளவும் செய்த பையை மேலே காலி செய்துவிட்டு, அதில் குப்பையை அடைத்து, அதே கப்பலில் ஏற்றி, கீழே விழும்போது கடலுக்கு மேலே எரியவிடுவார்கள் என்று டெனீஸ் ஒருநாள் சொன்னாள். நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று நினைத்து எஸ்தரைக் கேட்டேன். சரியாகத்தான் புரிந்திருக்கிறேன்.

"எரிக்கிறதுக்கா இம்மா நேரா தெக்கிற?" என்றாள் பாக்கியம்.

மறுநாளும் நேராகத்தான் தைத்தேன்.

இங்கேயும் உடைந்த ஊசிக்கு அதே சட்டம். அதே மாதிரித் தாள். அதே டேப். முதல் நாள் அந்தத் தாளைப் பார்த்ததும் ஊரிலிருந்து கடிதம் வந்ததுபோல இருந்தது. அன்று சாயங்காலம் பெட்டியில் இருந்த டப்பாவை எடுத்து, மறுநாள் மெஷின் டிராயரில் வைத்தேன். ஊரில் அது டிராயரில் இருக்கும். இங்கேயும் வைத்தேன்.

417 தைக்கும்போது கைப்பிடியில் நாலு மடிப்புத் துணி. ஊசி உடைந்தது. இரண்டு துண்டு கிடைத்தது. முனை இல்லை. மேசையில் தேடினேன். மடியில் தேடினேன். அப்புறம் கை டிராயருக்குப் போனது. ஒட்டியது. கையெழுத்துப் போட்டது. நான் செய்தேன் என்று சொல்லவேண்டும். ஆனால் கைதான் செய்தது.

மரியா பார்த்தாள். அப்புறம் தன் துணியைப் பார்த்தாள்.

ஒன்றும் ஆகவில்லை. புது ஊசி வந்தது. பையை முடித்துக் கொடுத்தேன். ஆனால் மரியா பார்த்தது ஒருமாதிரி இருந்தது. அன்றே டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து பாக்கியத்தின் நூல் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். திறந்து பார்க்கவில்லை.

4

அப்புறம் அதை மறந்தே போனேன். இரண்டு மாதம் கழித்து, படகு வந்த அந்த நாளில், கப்பல் பார்க்கக் காரில் போகும்போது ரூத் வாய் திறந்தாள்.

ரூத் எங்களோடு தமிழ் பேசுவதை எப்போது நிறுத்தினாள் என்று தெரியாது. ஒருநாள் நிறுத்தினாள் என்று சொல்ல முடியாது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் இங்கிலீஷில் சொல்வாள். பிறகு நாங்கள் கேட்பதும் குறைந்துவிட்டது. தாத்தா என்று கூப்பிடுவாள். அது ஒன்று பாக்கி இருக்கிறது.

ஆனால் இந்த மேலே போகும் விஷயம் அவளுக்குப் பிடிக்கும். நான் அதற்குப் பை தைக்கிறேன் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறாளாம். எஸ்தர்தான் சொன்னாள். அன்று காரில், காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு, அவளாகவே தமிழில் சொன்னாள்.

"தாத்தா, அங்க பிரெட் சாப்ட மாட்டாங்க. ஏன் சொல்லு?"

"ஏம்மா?"

"தூள் கீழ விழாது. எதுவும் கீழ விழாது. சும்மா மிதக்கும். மூக்குல போய்டும். கண்ல போய்டும்."

"எதுவுமே விழாதா?"

"எதுவும். ஸ்குரூ, முடி, எல்லாம். நீ தும்மினா அதுகூட."

"கருமம்," என்றாள் பாக்கியம்.

ரூத் சிரித்தாள். அவள் எங்களோடு இவ்வளவு பேசி ரொம்ப நாளாகிறது. நான் சிரித்திருக்க வேண்டும். என் காதில் 'கண்ல போய்டும்' மட்டும்தான் நின்றது.

ஊரில் முனை விழுந்தால் தரையில் கிடக்கும். செருப்பில் குத்தும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த முனை. விழாத முனையைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

5

படகு வந்து கப்பல் நின்ற அன்று சாயங்காலம் எஸ்தர் குடியுரிமைப் படிவத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாங்கள் வந்து ஐந்து வருடம் அன்றோடு முடிந்தது. ஐந்து முடிந்தால் மனுப் போடலாம். பக்கம் பக்கமாகக் கேள்வி. அவள் வேகமாகப் படித்து வேகமாக இல்லை, இல்லை என்று தட்டிக்கொண்டே போனாள்.

"இது இன்னா கேக்குது?" என்றேன் ஓரிடத்தில்.

"கவர்மெண்ட்டு ஆபீசர்கிட்ட எப்பனா பொய்யான தகவல் குடுத்தியான்னு கேக்குது. இல்லன்னு போட்டுட்டேன்."

"இரு."

"இன்னா நைனா?"

சொன்னேன். முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். பாக்கியம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

எஸ்தர் தட்டுவதை நிறுத்தினாள். "நைனா, அது வேற, இது வேற. டெனீஸ் இன்னா ஆபீசரா? தையல் கம்பெனி. இந்தக் கேள்விக்கும் ஊசிக்கும் இன்னா சம்மந்தம்?"

"தாள்ல கையெழுத்து என்துதான?"

"அது உள்ளதான் கீதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பின்ன? தரையில வுழுந்திருக்கும். பெருக்கித் தள்ளிருப்பாங்க. நீ போய்ச் சொன்னா வேல போவும். வேல போனா இந்த ஃபார்ம்ல இன்னான்னு எழுதறது? எதுக்கு அனுப்பிச்சாங்கன்னு கேட்டா?"

அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. நான் சொன்னதும் சரியாக இருந்தது. இரண்டும் எப்படிச் சரியாக இருக்கும் என்று தெரியவில்லை.

சுப்பிரமணிக்குப் போன் போட்டேன். அங்கே அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. முதல் ஷிப்ட்டுக்குக் கிளம்பி எளாவூர் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான்.

"டேய் மச்சான்! நம்ம லைனு மொனை ஆகாசத்துக்குப் போவுதா? எந்த மெஷின் மொனைடா? என்துதா?"

"வெளயாடாத. போறது நம்ம மொனை இல்ல. நம்ம மொனை தாள்ல கீது. ஒடஞ்சி காணாம போன மொனைதான் போவுது."

"சரி, அதுக்கு இன்னா இப்ப? இங்க எத்தினி ஒட்டிருப்போம். எதனா ஆச்சா?"

"தெரியலியே. யார்னா வந்து சொன்னாங்களா?"

சிரிப்பு நின்றது. ரயில் வரும் சத்தம் கேட்டது.

"அந்த மாவுப் பை..." என்றான். முடிக்கவில்லை. "வண்டி வந்திடிச்சி. அப்பால பேசறேன்."

அவனையும் குழப்பிவிட்டேன்.

பாக்கியம் தட்டு எடுத்து வைத்தாள். நான் சாப்பிடவில்லை. அவள் கேட்டாள்: "அங்க எத்தினி பேரு கீறாங்க?"

"ரூத்து சொன்னா. ஏழு பேராம்."

"பொம்பளைங்க கீறாங்களா?"

"கீறாங்களாம்."

அவள் தட்டை மூடி வைத்தாள். காலையில் எழுந்தபோது என் வேலைச் சட்டை இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கியது.

6

ஏழு மணிக்கு டெனீஸ் கம்பெனியைத் திறந்தாள். நான் வாசலில் நின்றேன். என் இங்கிலீஷில் சொன்னேன். ஊசி, முனை, 417, வேறு முனை, நான். கையால் ஒட்டிக் காட்டினேன். அவள் முதலில் சிரித்த முகமாகக் கேட்டாள். பிறகு சிரிப்புப் போனது.

உடைந்த ஊசித் தாள்களின் ஃபைலை எடுத்தாள். 417ஐக் கண்டுபிடித்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள். லென்ஸ் வைத்துப் பார்த்தாள். ஊர் ஊசி கொஞ்சம் தடிமன். இரண்டு துண்டு மெலிசு, முனை மட்டும் தடி. டேப்புக்குக் கீழே இத்தனை நாள் யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. போனை எடுத்து யார் யாரிடமோ பேசினாள். ரொம்ப நேரம். பிறகு எனக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னாள். கப்பல் பூட்டியாகிவிட்டது. ஒரு பைக்காக இனித் திறக்க மாட்டார்கள். அது போகும். மேலே போய்ச் சேர இரண்டு நாள். அங்கே இருப்பவர்கள் கதவைத் திறப்பதற்குமுன் எந்தப் பை என்று சொல்லிவிட்டால், அதை மட்டும் வேறு உறையில் போட்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு திறப்பார்கள்.

எனக்குப் பெரிய மூச்சு வந்தது.

பிறகு கேட்டாள்: எத்தனை?

ஒன்று என்றேன்.

நிச்சயமாக ஒன்றா?

ஒன்று என்றுதான் எனக்கு ஞாபகம். அப்படியே சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஃபைலைப் பார்த்தாள். உன் தாள்கள் எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்றாள். வீட்டுக்குப் போகச் சொன்னாள். நாளைக்கு வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அதைக் கேட்க எனக்கு இங்கிலீஷ் இருந்தது. கேட்கவில்லை.

மரியா எதிரே வந்தாள். என் தோளில் கை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

7

எங்கள் வீட்டில் யாரும் அன்று கப்பல் பார்க்கப் போகவில்லை. பதினொன்று இருபதுக்கு எஸ்தரின் போன் அடித்தது. டெனீஸ். எஸ்தர் கேட்டாள், முகம் மாறியது, போனைக் கையால் பொத்தினாள்.

"நைனா, அந்த மாதிரி தாளு ரெண்டு கெடச்சிகீதாம்."

"ரெண்டா?"

"417. அப்பால 402. ரெண்டு பையுமே அந்தக் கப்பல்லதான் கீதாம். நீ ஒண்ணுன்ன?"

402. எனக்கு ஞாபகமே இல்லை. என்ன கிழமை, எந்த இடத்தில் உடைந்தது, ஒன்றும் இல்லை. ஊரில் எத்தனை ஒட்டினேன் என்று ஞாபகம் இல்லாததுபோலவே இதுவும் இல்லை. தெரிந்து பொய் சொல்லவில்லை. ஆனால் சொன்னது பொய்.

"இன்னும் தாளு நெறைய கீதாம். டேப்பு மேல டேப்பு ஒட்டி சரியா தெரிலியாம். எத்தினி இருக்கும்னு தெரிஞ்சாதான் தேடறத எங்க நிறுத்தறதுன்னு தெரியும்ன்றாங்க. ஞாபகப்படுத்திச் சொல்லு."

ஞாபகத்தில் ஒன்றும் இல்லை. ஞாபகத்தை நம்பியும் பிரயோஜனம் இல்லை.

பாக்கியம் உள்ளே போனாள். நூல் பெட்டியைக் கொண்டுவந்தாள். அதிலிருந்து தகர டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தாள். ஒரு வெள்ளைத் தட்டும் வைத்தாள்.

"வரும்போது பன்னெண்டு," என்றாள். "நான்தான் எண்ணினேன்."

"நடுவுல நீ எதனா எடுத்தியா?"

"மொனைய வச்சி நான் இன்னாய்யா பண்றது?"

"கொட்டிப் போச்சா?"

"மூடி இறுக்கமா கீது பாரு. நீதான் தொறக்கணும்."

நகத்தால் திறந்தேன். தட்டில் கவிழ்த்தேன். டப்பாவின் அடியில் தட்டினேன். மூலைகளைத் துணியால் துடைத்து, துணியையும் உதறினேன். முனைகள் தட்டில் விழுந்தன. விழுந்த இடத்திலேயே கிடந்தன.

விரலை ஈரம் செய்து ஒவ்வொன்றாகத் தள்ளினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அப்போது ஜன்னல் கண்ணாடி அதிர ஆரம்பித்தது. தட்டும் அதிர்ந்தது. முனைகள் நகர்ந்தன. ரூத் 'தாத்தா' என்று கத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். நான் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சத்தம் பெரிதாகி, தூரமாகி, அடங்கியது. தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எண்ணியது தப்பிப்போயிருந்தது. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். பாக்கியமும் வாய்க்குள் எண்ணினாள். இரண்டு பேருக்கும் ஒன்பது வந்தது. இன்னொரு தடவை எண்ணினோம். ஒன்பது. பன்னிரண்டில் ஒன்பதுதான் இருந்தது.

"நைனா," என்றாள் எஸ்தர். "லைன்ல கீறாங்க. இன்னா சொல்லட்டும்?"

போனை நானே வாங்கினேன். டெனீஸ் அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. சொன்னேன்.

மூன்று.